திரும்பி வந்ததை மட்டும் எண்ணியவள்

என்னிடம் ஆய்வு மாணவியாக இருந்த ஒரு பெண்ணின் மீது, அவள் செய்யாத பிழையை நான் சுமத்தினேன். தெரியாமல் செய்யவில்லை. ஒரு கூட்டத்தின் முன்னால், தெளிவான குரலில், ஒரே வாக்கியத்தில் சொன்னேன். அந்த வாக்கியத்தால் அவளுக்கு முனைவர் பட்டம் கிடைக்காமல் போயிற்று. எனக்குச் சில ஆண்டுகளில் துறைத் தலைவர் பதவி கிடைத்தது. இரண்டையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஒன்றை மட்டும் சொன்னால் கணக்கு பொய்யாகிவிடும்.

அவளுடைய ஊர் கொல்லிமலையில், திண்ணனூர் நாடு என்று சொல்லப்படும் பகுதியில் இருக்கிறது. பேருந்து நிற்கும் இடத்திலிருந்து மிளகுக் கொடிகளுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகவேண்டும். சமவெளியில் இருந்த எங்கள் கல்லூரிக்கு வேதியியலில் ஆய்வு செய்ய வந்தாள். வந்த முதல் வாரத்திலேயே அவளுடைய வாயில் ஒரு சொல் அடிக்கடி வருவதைக் கவனித்தேன்: "விட்டுப் பார்க்கலாங்க சார்."

எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்குவது அன்றாட வேலை. மற்ற மாணவர்கள் பம்பை ஓடவிட்டு, அழுத்தமானி கீழே இறங்கியதும் "கசிவு இல்லை சார்" என்று சொல்லிவிடுவார்கள். அவள் குழாயைத் திருகி மூடுவாள், பம்பை நிறுத்துவாள், பிறகு வெளியே போய்விடுவாள். டீ குடித்து, யாருடனாவது பேசிவிட்டு, சாவகாசமாக வந்து அழுத்தமானியைப் பார்ப்பாள்.

"ஏம்மா, ஓடும்போதே பார்த்தால் தெரியாதா?" என்று கேட்டேன்.

"பம்பு ஓடறப்ப எல்லாக் குடுவையும் நல்லாத்தாங்க சார் இருக்கும்."

இதை அவள் குடுவைகளோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மரக் கைப்பிடி வைத்த ஒரு கறுப்புக் குடை அவளிடம் இருந்தது. கேட்பவர்களுக்கெல்லாம் கொடுப்பாள். திருப்பிக் கேட்கவே மாட்டாள். அவளுக்குப் பக்கத்து மேசையில் வேலை செய்த ராசிபுரத்துப் பெண் ஒருநாள் என்னிடம் முறையிட்டாள்.

"இவகிட்ட எதையும் வாங்கவே கூடாதுங்க சார். குடுத்துட்டு மறந்துட்ட மாதிரியே உக்காந்திருப்பா. வாய விட்டுக் கேட்டான்னா நாளைக்குத் தர்றேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். கேக்கவே மாட்டேங்கறா. கடைசியில மழையோட மழையா நானே கொண்டு வந்து குடுத்தேன்."

"அதுக்குத்தாண்டி கேக்கல" என்றாள் இவள், தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் ஆய்வின் பொருளை இங்கே சொல்லிவிடவேண்டும். ஹைட்ரஜனை எரித்தால் தண்ணீர்தான் மிஞ்சும். புகை கிடையாது. வண்டிகளை ஓட்ட அதைவிடச் சுத்தமான எரிபொருள் இல்லை. ஆனால் அதைச் சேர்த்து வைப்பது பெரும்பாடு. ஆகவே திடப்பொருள்களின் பரப்பில் அதை ஒட்டவைக்க முடியுமா என்று உலகெங்கும் பலர் முயன்றுகொண்டிருந்தார்கள். நாங்கள் தேர்ந்தெடுத்தது பலாத்தோலில் செய்த கரி. அந்தக் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்திருக்கும். ஒரு கைப்பிடிக் கரிக்குள் ஒரு விளையாட்டு மைதானத்துக்கு மேற்பட்ட பரப்பு மடிந்து கிடக்கும். ஹைட்ரஜன் மூலக்கூறு அந்தச் சுவரில் போய் ஒட்டும். ஒட்டும் என்ற சொல்லே சற்று அதிகம். அது மிகச் சிறியது. எதையும் இறுகப் பற்றாது, எதுவும் அதை இறுகப் பற்றாது. திரவ நைட்ரஜனின் கடுங்குளிரில் மட்டுமே அது சுவரில் அடங்கி உட்காரும். உட்கார்ந்த இடத்திலும் நிலையாக இராமல் பரப்பின்மேல் நகர்ந்துகொண்டிருக்கும். இரண்டு சுவர்களும் நெருங்கியிருக்கும் குறுகிய துளை கிடைத்தால் அங்கே சற்று நிம்மதியாக இருக்கும். குளிரை எடுத்துவிட்டால் வந்தபடியே முழுதாகக் கிளம்பிப் போய்விடும். சுவரில் ஒரு கீறலும் இருக்காது.

இதைப் பாடமாக நான் பலமுறை நடத்தியிருக்கிறேன். ஆனால் எனக்கே அது கண்முன் தெரிந்தது அவளுடைய ஊரில்தான். பலாத்தோல் வாங்க ஒருமுறை அங்கே போயிருந்தேன். காலையில் பனிமூட்டம் தோட்டத்தை மூடியிருந்தது. ஒரு பலா மரத்தின் முன்னால் என்னை நிறுத்தினாள். கிளையில் புல்லுருவி வளர்ந்திருந்தது. அடிமரத்தில் மிளகுக் கொடி ஏறியிருந்தது.

"புல்லுருவி மரத்துக்குள்ள வேரை வுட்டுருச்சுங்க சார். பிச்சா மரத்தோட சதையும் வரும். மிளகு அப்படியில்லீங்க. பட்டையைப் புடிச்சுக்கிட்டு நிக்குது. மரத்துக்கிட்ட எதையும் வாங்கறதில்ல."

"நம் ஹைட்ரஜன் மிளகுக் கொடியா?"

"அதுகூட ஜாஸ்திங்க." ஒரு பலா இலையைத் தாழ்த்திக் காட்டினாள். இலைமேல் பனி முத்து முத்தாகப் படிந்திருந்தது. "இதுதானுங்க. குளுந்தா வந்து உக்காரும். வெயில் வந்தா போயிரும். போனதுக்கப்புறம் இலையைப் பாத்தா வந்துட்டுப் போனதே தெரியாது."

அவளுடைய அப்பா பலாத்தோலை மூட்டையில் அமுக்கியபடி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏனுங்க, கரி போடறதுக்கா இவ காலேஜுக்குப் போனது? அத நானே கத்துக் குடுத்திருப்பனே" என்றார். பிறகு மகளைப் பற்றி என்னிடம் புகார் சொன்னார். வாங்கிய புதிதில் ஒரு வெள்ளாட்டைக் கட்டிப்போடச் சொன்னாராம். இவள் கயிற்றை அவிழ்த்துவிட்டு, சாயங்காலம் பட்டிக்கு வருகிறதா என்று பார்க்கலாம் என்றாளாம்.

"அது நேரா, வாங்குன சோளக்காட்டுச் சந்தைக்கே போயிருச்சுங்க, வந்த வழியத் தேடிக்கிட்டு."

"வராதுன்னு தெரிஞ்சுக்கிட்டமில்லப்பா" என்றாள் அவள்.

"ஆமா சாமி. ஆட்டை விட்டுப்போட்டுத் தெரிஞ்சுக்கிட்டம்."

நான் சிரித்தேன். அந்த ஆட்டின் கதை என்னுடைய கதையாகவும் ஆகும் என்று அன்று எனக்குத் தெரியாது.

கடுங்குளிரில் எங்கள் கரி நன்றாகவே ஹைட்ரஜனை ஏற்றது. அவள் ஒவ்வொரு முறையும் உள்ளே போனதை அளந்தாள், பிறகு குளிரை நீக்கி வெளியே வந்ததையும் அளந்தாள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வரைபடத்தில் புள்ளி வைப்பாள். உள்ளே போனதை அவள் ஒருபோதும் முடிவாகச் சொன்னதில்லை. திரும்பி வந்ததைத்தான் சொல்வாள். ஆனால் உலகம் எதிர்பார்த்தது சாதாரண அறை வெப்பத்திலேயே கரி நிறைய ஏற்கிறது என்று காட்டும் ஒரு பெரிய எண்ணை. வண்டியில் திரவ நைட்ரஜனை ஏற்றிக்கொண்டு யாரும் ஊருக்குப் போகமுடியாது. எனக்கும் அந்த எண் வேண்டியிருந்தது.

உயர் அழுத்தத்தில் அளக்கும் உலோகக் குடுவையின் மூடிக்குச் செம்பு வளையம் போட்டுப் பூட்டவேண்டும். ஒருமுறை பூட்டித் திறந்தால் அந்த வளையம் நசுங்கிவிடும். மறுமுறைக்குப் புதியது வேண்டும். எங்களிடம் இருந்தவை தீர்ந்துபோயின. புதியவை வரத் தாமதமாயிற்று. மாநாடு நெருங்கிவிட்டது. நான் அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

"இதைப் போட்டுப் பூட்டு."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. "ரப்பருக்குள்ள பூந்து ஹைட்ரஜன் வெளிய போயிருங்க சார்."

"நைட்ரஜனை நிரப்பிப் பார்த்துவிட்டேன். கசியவில்லை."

"நைட்ரஜன் பெரிய உடம்புங்க. இது பூந்து போகாத பக்கமில்ல. கரி போடாம, காலிக் குடுவையில ஹைட்ரஜனை வச்சு ஒரே ஒரு தடவ விட்டுப் பார்த்தரலாங்க."

"மாநாடு முடியட்டும். இப்போது பூட்டு."

பூட்டினாள். கரியின் மேல் ஹைட்ரஜனை நிரப்பினோம். அறை வெப்பத்தில் அழுத்தம் இறங்கிக்கொண்டே போயிற்று. கரி உறிஞ்சுகிறது என்று நான் மகிழ்ந்தேன். அவள் வழக்கம்போலக் குழாயைத் திறந்து, வெளியே வந்ததை அளந்தாள். உள்ளே போனதைவிட மிகவும் குறைவு.

"மிச்சம் எங்கீங்க சார்?"

"துளைகளுக்குள் வலுவாகப் பிடித்துவைத்திருக்கிறது."

"இது புடிச்சு வைக்கற சாதி இல்லீங்களே."

அவள் சொன்னது முழுக்கச் சரி. பலவீனமாக ஒட்டுவது திரும்பி வரவேண்டும். திரும்பி வராவிட்டால் அது ஒட்டவே இல்லை, ஓடிப்போயிருக்கிறது. எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் அந்தக் குறைவையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதினேன். பலாக்கரியில் இதுவரை அறியாத வலுவான இடங்கள் உள்ளன என்றேன். கட்டுரை வெளிவந்தது. கைதட்டல் கிடைத்தது. அதில் என் பெயருக்குப் பின்னால் அவள் பெயரும் இருந்தது. அச்சுக்குப் போகுமுன்பே அதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். மாணவிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நான் மறுத்தேன்.

மற்ற ஆய்வகங்களில் அந்த எண் வரவில்லை. சிலர் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினார்கள். மூன்று பேராசிரியர்கள் விசாரிக்க வந்தார்கள். துறையின் கூடத்தில், மாணவர்களும் ஆசிரியர்களும் அமர்ந்திருக்க, குடுவையைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ரப்பர் வளையம் இருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "குடுவையைப் பூட்டியது மாணவி."

அந்த வாக்கியத்தில் பொய்யான சொல் ஒன்றுமில்லை. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலை செய்தது.

மூத்தவர் அவளைக் கேட்டார். "ஏம்மா, நீதான் பூட்டினாயா?"

"ஆமாங்க. மாட்டினது நாந்தாங்க."

"ரப்பர் வழியாக ஹைட்ரஜன் போகும் என்று உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தெரிந்தே செய்திருக்கிறாள் என்று அதற்குப் பொருளாகிவிட்டது. அவள் என் பக்கம் திரும்பினாள். கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு அழுத்தமானியைப் பார்க்கும் அதே முகம். நான் பேசுவதற்கு வேண்டிய நேரம் முழுவதும் காத்திருந்தாள். நான் என் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அவ்வளவுதாங்க" என்று சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அவளுடைய ஆய்வுப் பதிவு ரத்தாயிற்று. கட்டுரை திரும்பப் பெறப்படாமல் அப்படியே கிடந்தது. போகும்போது ஆய்வகச் சாவியை என் மேசையில் வைத்து, "வாரேனுங்க சார்" என்றாள். எங்கள் பக்கத்தில் போகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அந்தச் சொல் எனக்குள் நீண்ட காலம் உறுத்தியது.

அவள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை? பயந்துவிட்டாள் என்றுதான் பல ஆண்டுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

ஓய்வுபெற்ற பின் ஒரு கருத்தரங்குக்கு அழைத்தார்கள். இப்போது எங்கும் மறுபடி ஹைட்ரஜன் பேச்சாக இருக்கிறது. ஓர் இளைஞர் மேடையில் நின்று, அறை வெப்பத்தில் பெரிய எண் ஒன்றைக் காட்டினார். நான் எழுந்து, "உள்ளே போனது இருக்கட்டும் தம்பி. திரும்பி வந்ததை அளந்தீர்களா?" என்று கேட்டேன். அளக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். அவை என்னைப் பாராட்டியது. மதிய உணவின்போது ஒருவர் என் கையைக் குலுக்கி, "இப்படிக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைந்துபோனார்கள் ஐயா" என்றார். அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருத்தியை வெளியே அனுப்பியவன் நான். இப்போது அதே கேள்விக்குப் பாராட்டை வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பழைய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்கு எழுதினேன். ரப்பர் வளையத்தைத் தேர்ந்தெடுத்தது நான், மாணவிக்குப் பொறுப்பில்லை என்று குறிப்பிட்டேன். அது வெளியானதும், அச்சான பக்கத்தை எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சி வழியாக மலையேறும் பேருந்தில் புறப்பட்டேன்.

அவள் மலையிலேயே ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருக்கிறாள். அன்று விடுமுறை. வாசலில் பாயை விரித்து மிளகைக் காயவைத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் வியப்புக் காட்டவில்லை. "வாங்க சார். ஊட்டுக்குள்ள உக்காருங்க" என்றாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். மிளகுத் தூசி படிந்த கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நிதானமாகப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"ஏனுங்க சார், நான் வேண்டாம்னு சொன்னது இதுல எங்கீங்க?"

நான் அந்தப் பக்கத்தை வாங்கி மறுபடி பார்த்தேன்.

"காலிக் குடுவையில விட்டுப் பார்க்கலாம்னு கேட்டனே. அதுவும் காணோங்களே. இதப் படிச்சா, நீங்க தெரியாம ஒண்ணு சொன்னீங்க, நானும் தெரியாம மாட்டிட்டேன்னு இருக்குது. பாதிதாங்க சார் திரும்பி வந்திருக்குது."

"அன்று கூடத்தில் நீ ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் யாராவது நம்பியிருப்பார்களே."

மிளகைக் கையால் பரப்பிவிட்டபடி பதில் சொன்னாள். "நான் சொன்னா அது நான் புடுங்கி எடுத்ததுங்க சார். நீங்க சொன்னாத்தான் திரும்பி வந்தது."

"இவ்வளவு காலமாகவா காத்திருந்தாய்?"

"காத்திருக்கலீங்க. அன்னிக்கே பாத்துட்டேன், வரல. அப்புறம் பொழப்பப் பாக்க வந்துட்டேன்." பிறகு, வேறு யாரைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள்: "அந்தக் கூடத்துலதானுங்க சொன்னீங்க. பேப்பர்லயா சொன்னீங்க?"

நான் கல்லூரிக்குப் போய், அதே கூடத்தில் சோதனை செய்து பேச அனுமதி கேட்டேன். இப்போதைய துறைத் தலைவர் என் பழைய மாணவர். கல்லூரியின் பெயர் கெடும் என்று தயங்கினார். "உங்களுக்கு எதுக்கு சார் இந்த வயசுல?" என்றார். "இதற்கு மேல் தள்ளிப்போட எனக்கு வயதில்லை" என்றேன். கடைசியில் சம்மதித்தார். அவளுக்கும் நாளைச் சொல்லி அனுப்பினேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அதே கூடம். முற்பகலில் காலிக் குடுவையில் ரப்பர் வளையம் போட்டு நானே பூட்டினேன். நைட்ரஜனை நிரப்பினேன். அழுத்தமானியின் எண் அசையவில்லை. அதை வெளியேற்றிவிட்டு ஹைட்ரஜனை நிரப்பினேன். எண் சுவரில் பெரிதாகத் தெரியும்படி செய்திருந்தார்கள். மாணவர்கள் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது அது இறங்கியிருந்தது. குடுவைக்குள் ஒரு துளிக் கரிகூட இல்லை. அவள் கேட்ட சோதனை அவ்வளவுதான். அரை நாளில் முடிந்துவிட்டது.

எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதே நான் பேசினேன். வளையத்தைக் கொடுத்தவன் நான். அவள் வேண்டாம் என்றாள். சோதித்துப் பார்க்கச் சொன்னாள், மறுத்தேன். திரும்பி வந்தது குறைவு என்று காட்டினாள், அதையே கண்டுபிடிப்பாக எழுதினேன். பெயரை எடுக்கச் சொன்னாள், எடுக்கவில்லை. இதே கூடத்தில் அவள் என்னைப் பார்த்துக் காத்திருந்தாள், நான் வாய் திறக்கவில்லை. எதையும் விடாமல் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கடைசி வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். எப்போது வந்து உட்கார்ந்தாள் என்று நான் பார்க்கவில்லை. குடுவையின் குழாயைத் திறந்து, மிஞ்சியிருந்ததை அளந்தாள். போனதற்கும் மிஞ்சியதற்கும் உள்ள வித்தியாசத்தை மனதுக்குள் கணக்கிட்டாள்.

"சரிங்க சார்" என்றாள். அதோடு பேருந்துக்குக் கிளம்பிவிட்டாள்.

அதன்பின் பல்கலைக்கழகம் எனக்களித்த ஒரு விருதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நியாயம்தான். அவள் விரும்பினால் மறுபடி ஆய்வுக்குப் பதிவு செய்யலாம் என்று சொன்னார்கள். அதை நேரில் சொல்ல மலைக்குப் போனேன். மறுத்துவிட்டாள். பட்டம் வேண்டிய வயதும் வேகமும் போய்விட்டன என்றாள். அவற்றை என்னால் எந்தக் கூடத்திலும் திருப்பித் தரமுடியாது. அதை அவளும் மறைக்கவில்லை, நானும் மறைக்கமாட்டேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அப்படிக் கேட்பது பம்பை ஓடவிட்டுக்கொண்டே கசிவு பார்ப்பதுபோல என்று தோன்றியது.

நான் எழுந்தபோது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே போய் ஒரு குடையை எடுத்துவந்து நீட்டினாள். துணி புதியது. மரக் கைப்பிடி பழையதுதான்.

"நனஞ்சிராதீங்க. பஸ்ஸு வந்துரும், போங்க."

மறுபடி வாங்க என்று சொல்லவில்லை. குடையைப் பற்றி வேறு எதுவும் சொல்லவில்லை. திரும்பி மிளகுப் பாயைச் சுருட்டத் தொடங்கினாள்.

குடையை விரித்துக் காயவைத்து, மடித்து, கதவோரம் சாத்தியிருக்கிறேன். நாளை முள்ளுக்குறிச்சியிலிருந்து கிளம்பும் முதல் பேருந்தில் மலைக்குப் போகிறேன்.